நல்ல நிழல்

மயில்சாமி ஒரு காலத்தில் கல்யாணத் தரகராக இருந்தவர். கக்கத்தில் ஜாதகக் கட்டோடு கணபதிக்கும் கவுண்டம்பாளையத்துக்கும் டவுன் பஸ்ஸில் அலைந்து, எத்தனையோ மாப்பிள்ளைகளின் குடியை மறைத்து, எத்தனையோ பெண்களின் வயதைக் குறைத்து, ஊருக்கு உபகாரம் செய்தவர். ஜனங்கள் அவரவர் போனிலேயே வரன் பார்த்து முடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. மனிதர் அசரவில்லை. பேங்கில் கடன் அட்டை வாங்கித் தரும் தரகராகிவிட்டார். "ரெண்டும் ஒரே தொழில்தானுங்க. இருக்கறதை விடக் கொஞ்சம் நல்ல மாதிரி காட்டோணும்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

சத்தி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறைதான் அவருடைய ஆபீஸ். அங்கே பவித்ரா முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அவள் விண்ணப்பித்திருந்த நீல அட்டை கிடையாது என்று அன்று காலையில்தான் பதில் வந்திருந்தது.

நீல அட்டை இல்லாதவர்களுக்குக் கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு கிடைக்காது. சட்டம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம். முன்பெல்லாம் என்ன சாதி என்று கேட்டார்கள், கறி சமைப்பீர்களா என்று கேட்டார்கள். இப்போது முதலில் அட்டையின் நிறத்தைக் கேட்டுவிட்டு, பிறகு அந்த இரண்டையும் கேட்கிறார்கள்.

பவித்ராவுக்கு வீடு வேண்டும். புருஷனை விட்டுவிட்டு ஈரோட்டிலிருந்து மகள் நிவிதாவைக் கூட்டிக்கொண்டு வந்தவள், தம்பி தரணியின் வீட்டு மாடியில் இருந்தாள். தம்பி தங்கமானவன். தம்பி பெண்டாட்டி சிந்துவும் கெட்டவள் இல்லை; கரண்ட் பில் வரும் நாளில் மட்டும் அவள் மாடியை அண்ணாந்து பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். அந்தப் பார்வையை ஆயுசு முழுக்கத் தாங்க முடியாது என்று பவித்ராவுக்குத் தெரிந்திருந்தது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அவள் வாங்கும் சம்பளம் ஒரு சின்ன வீட்டுக்குப் போதும். ஆனால் ஈரோட்டில் கேஸ், கரண்ட், வீட்டுக் கடன் எல்லாமே புருஷன் பேரில். பதினாறு வருஷம் ஒரு குடும்பத்தைத் தூக்கிச் சுமந்ததற்கு அவள் பேரில் ஒரு ரசீதுகூடக் கிடையாது.

முதன்முதலில் வந்தபோதே மயில்சாமி அதைச் சொல்லிவிட்டார். "உங்களுது காலி நிழலுங்க அம்மிணி. கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. கெட்டதைக்கூடத் தேத்திறலாம். காலியை ஒருத்தனும் நம்பமாட்டான்."

அவள் அவசரப்பட்டு எல்லா பேங்கிலும் ஒரேயடியாக விண்ணப்பம் போட்டுவிடலாமா என்று கேட்டாள்.

"அப்படிப் பண்ணீறாதீங்க. ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு தடம் விட்டுட்டுப் போகுமுங்க. ஊர்ல இருக்கற பொண்ணு வீட்டுக்கெல்லாம் போயி பஜ்ஜி தின்னுட்டு வந்த மாப்பிள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? மொதல்ல ஒரு விதை அட்டை எடுப்போம். உங்க காசையே டெபாசிட் கட்டி, அதும்மேல குடுக்கற அட்டை. காய்கறி, பஸ் பாஸு, பாப்பாவுக்கு நோட்டு, இது மட்டும் அதுல வாங்குங்க. வரம்புல கால்வாசிக்கு மேல தொடாதீங்க. கெடு வர்றதுக்கு முந்தியே கட்டீருங்க. நகைக்கடைக்காரன் ஓசியில ஒண்ணு குடுக்கறேம்பான், வாங்கவே வாங்காதீங்க."

அவர் சொன்னதையெல்லாம் பவித்ரா விரதம் மாதிரி செய்தாள். ஒரு தவணை தவறவில்லை. ஆசைப்பட்டு ஒரு புடவை எடுக்கவில்லை. அப்படியும் இல்லை என்று வந்துவிட்டது.

"என்னதாங்க குறை என்மேல?" என்று கேட்டாள்.

"உங்க மேல இல்லீங்க. உங்க நிழல் மேல" என்றார் மயில்சாமி. "யாருக்கு அட்டை குடுக்கலாம்னு பேங்குக்குச் சொல்றது நிழலகமுங்க. அங்க என்ன பண்றாங்கன்னா, உங்க போனு, கைக்கடிகாரம், கடை பில்லு, விசேஷத்து வீடியோ எல்லாத்தையும் சேர்த்து, அச்சு அசலா உங்களை மாதிரியே ஒண்ணு பண்ணுவாங்க. அதைக் கம்ப்யூட்டருக்குள்ள பத்து வருஷம் வாழ விடுவாங்க. ஒருவாட்டி இல்லீங்க, ஆயிரம் வாட்டி. எத்தனை வாட்டி அது கடனைக் கட்டாம கையை விரிக்குதுன்னு பார்ப்பாங்க. நீங்க இதுவரைக்கும் கட்டுனது அவங்களுக்குப் பெருசில்லை. இனிமே என்ன பண்ணுவீங்கங்கறதுதான்."

"பண்ணாத தப்புக்கா என்னை வேண்டாங்கறாங்க?"

"காரணத்தைச் சொல்லோணும்னு சட்டம் இருக்குதுங்க. படிக்கறேன், கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்தார். "'ஆறாம் ஆண்டில் தம்பியின் தொழில் முடங்குகிறது. விண்ணப்பதாரர் அட்டையின் வரம்பு முழுவதையும் எடுத்துத் தம்பிக்குக் கொடுக்கிறார். திருப்பிக் கேட்பதில்லை.'"

பவித்ராவுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. அவமானத்தால் இல்லை. இந்த உலகத்தில் எங்கேயோ ஓர் இயந்திரத்துக்குள் தன்னைப் போல ஒருத்தி இருக்கிறாள், அவள் நல்லவளாக இருக்கிறாள் என்று கேட்டதில் வந்த கண்ணீர்.

மயில்சாமி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி கல்யாணத்துல இணைச்சீர் செஞ்சிருக்கறீங்களே. அந்த வீடியோ ஒண்ணு போதுமுங்க. இணைச்சீர் செஞ்ச வீட்டுல அக்கா தம்பிக்குக் குடுத்தா அது திரும்பி வராதுன்னு நிழலகத்துக்கு அத்துப்படி."

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் அது ஒரு சீர். தாலி கட்டப்போகும் மாப்பிள்ளை அதற்கு முன்னால் தன் கூடப்பிறந்தவளை மணையில் உட்கார வைத்து, கட்டிக்கொள்ள ஒருத்தி வந்தாலும் உன்னை விட்டுவிடமாட்டேன் என்று ஊர் பார்க்கச் செய்வது. பவித்ராவும் தரணியும் அதைச் சிரித்துக்கொண்டே செய்திருந்தார்கள். அது அவள் கணக்கில் ஓட்டையாக ஏறும் என்று அப்போது யார் கண்டார்கள்.

"இப்ப என்னதான் பண்றதுங்க?"

"தம்பிக்குக் குடுக்காத அக்காவா ஆகோணும்" என்றார் மயில்சாமி.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது தரணி விழுந்து விழுந்து சிரித்தான். லேத் பட்டறையிலிருந்து வந்து கையில் எண்ணெய்க் கறையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தவன், "என்னக்கா, கம்ப்யூட்டருக்குள்ள போயும் எனக்குத்தான் குடுத்தியா?" என்று கேட்டான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "என் பட்டறை படுத்துரும்னு வேற சொல்றானா அவன்?"

"அது சும்மா ஒரு கணக்குடா."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். "சரி, விடு. ஒரு சண்டையைப் போட்டுருவோம்" என்றான். "நான் காசு கேக்கறேன், நீ முடியாதுங்கற. கொஞ்ச நாளைக்குப் பேச்சுவார்த்தை இல்லைன்னு இருப்போம். நம்ம சனத்துல இது என்ன அதிசயமா? பெரியப்பா வீட்டுல எத்தனை வருஷமாப் பேசாம இருக்கறாங்க."

குடும்பத்தில் பேச்சை நிறுத்துவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மயில்சாமியும் ஒத்துக்கொண்டார், ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். "சண்டைன்னா விசேஷத்துல போடோணுமுங்க. வீட்டுக்குள்ள போட்டா அது வெறும் சத்தம். நாலு பேரு போன்ல பதியோணும்."

அடுத்து வரும் விசேஷம் தரணியின் பையன் கவினுக்குக் காதுகுத்து. "போடறதுதான் போடறீங்க, என் பையன் காதுகுத்துதான் கிடைச்சுதா?" என்று சிந்து முணுமுணுத்தாள். ஆனால் மாடி காலியாகும் என்ற நினைப்பு அவள் குரலை மெதுவாக்கியிருந்தது.

மூன்று பேருமாக உட்கார்ந்து வசனம் எழுதினார்கள். தரணி புது மெஷின் வாங்க அக்காவின் வளையல்களை அடகு வைக்கக் கேட்பான். அவள் முடியாது என்பாள். குந்த இடம் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று அவன் கேட்பான். அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். எழுதும்போதே இரண்டு தடவை சிரிப்பு வந்து நிறுத்தினார்கள்.

மண்டபத்தில் எல்லாம் எழுதியபடிதான் ஆரம்பித்தது. பவித்ரா அத்தை முறைக்குச் சீர்த்தட்டு வைத்து முடித்ததும் தரணி வளையலைக் கேட்டான். குரலில் நாடகத்தனம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பவித்ரா முடியாது என்றாள். பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். நாலைந்து போன்கள் மேலே எழுந்தன.

"குந்த இடம் குடுத்தவனுக்கு இதானாக்கா மரியாதை?"

இப்போது அவள் எழுந்து போக வேண்டும். எழுந்தாள். ஆனால் கால் நகரவில்லை.

"சும்மாவா குடுத்த?" என்றாள். "அப்பா பட்டறையில எனக்கும் பாதி இருந்துச்சு. லோன் வாங்கோணும், ஒரு கையெழுத்துப் போடுக்கான்னு விடுதலைப் பத்திரத்தை நீட்டுன. படிச்சுக்கூடப் பார்க்காம போட்டேன். மாடியில ஒரு ரூமைக் குடுத்துட்டு என்னமோ தானம் பண்ணுன மாதிரி பேசற."

இது எழுதியதில் இல்லை. இப்படி ஒன்று தன் நெஞ்சுக்குள் இத்தனை வருஷமாக இருந்தது என்று அவளுக்கே அந்த நிமிஷம்தான் தெரியும். தரணியின் முகத்தில் இருந்த நடிப்பு வடிந்து போனது. சித்தப்பாக்கள், மாமன்கள், சிந்துவின் பிறந்த வீட்டார் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"புருஷன் வீட்டுல பொழைக்கத் தெரியாம வந்தவளுக்கு, பங்கு ஒண்ணுதான் கேடு" என்றான் அவன்.

அதுவும் எழுதியதில் இல்லை.

சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போகும்போது நிவிதா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "சூப்பரா நடிச்சம்மா. மாமாவும்தான். எனக்கே அழுகை வந்துருச்சு." பவித்ரா உம் என்றாள்.

சிங்காநல்லூர்ப் பக்கம் தின வாடகைக்கு ஒரு தகரக் கூரை அறையை மயில்சாமி பிடித்துக் கொடுத்தார். அட்டை இல்லாதவர்களுக்கு விடுகிற அறை என்பதால் வாடகை ஒரு வீட்டுக்குக் கொடுப்பதை விட அதிகம். இல்லாதவனிடம்தான் எல்லாரும் கூடுதலாக வாங்குகிறார்கள். கூடவே புத்திமதிகளும் வந்தன. தம்பிக்குப் போன் செய்யக் கூடாது. அவன் போன் வந்தால் எடுக்கக் கூடாது. அவன் படத்தைப் போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட நிழலில் ஏறும். நிவிதாவும் மாமன் வீட்டுக்குப் போகக் கூடாது. நிவிதாவுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. கவின் என்றால் அவளுக்கு உயிர். முதலில் அழுதாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

பவித்ராவுக்கு உள்ளுக்குள் ஒரு சமாதானம் இருந்தது. தம்பி சொன்னது கோபத்தில் வந்த வார்த்தை, தான் சொன்னதும் அப்படித்தான். அட்டை வரட்டும். வந்த மறுநாளே ஒரு கிலோ ஆப்பிளோடு போய், மன்னிச்சுக்கடா என்று சொன்னால் முடிந்தது. அந்தக் காட்சியை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருந்தாள். அதில் தம்பி எப்போதும் சிரிப்பான்.

ஒரு நாள் மத்தியானம், பல் பிடுங்க வந்தவர்களின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சிந்துவின் போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. அப்புறம் ஒரு குரல்செய்தி வந்து விழுந்தது.

"அண்ணி, நடிப்பையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். இவரு கை மெஷினுக்குள்ள போயிருச்சு. உடனே ஆபரேஷன் பண்ணுனா விரலை ஒட்ட வெச்சிரலாமாம். எங்க அட்டையில வரம்பு முடிஞ்சுபோச்சு. உங்க வளையலை மட்டும் கொண்டு வாங்க அண்ணி. ஒடனே வாங்க."

பவித்ரா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். முதலில் அவள் கூப்பிட்டது ஆட்டோவை இல்லை, மயில்சாமியை.

"நான் போக வேண்டாம்னு சொல்ல மாட்டேனுங்க. பாவம் புடிச்சுக்கும்" என்றார் அவர். "ஆனா விவரம் கேட்டா சொல்லோணும். அடுத்த வாரம் உங்க நிழலை ஓட்டறாங்க. இன்னைக்கு வளையலோட போனீங்கன்னா, மறுபடி மொதல்ல இருந்துதான்."

பள்ளிக்கூடம் விட்டு நேராகப் பல் ஆஸ்பத்திரிக்கு வந்த நிவிதாவிடமும் சிந்து போனில் அழுதிருந்தாள் போலிருக்கிறது. பையைக்கூட இறக்காமல் நின்றாள். "போலாமாம்மா?"

பவித்ரா தன் கையிலிருந்த வளையல்களைப் பார்த்தாள். பிறகு தகரக் கூரையை நினைத்தாள், அதன் கீழே கொதிக்கும் பகலை நினைத்தாள், இன்னும் ஒரு வருஷம் அதில் கிடப்பதை நினைத்தாள்.

"அட்டை வரட்டும் கண்ணு" என்றாள். "வந்ததும் மாமாவுக்கு எல்லாத்தையும் சேர்த்துச் செஞ்சிரலாம்."

நிவிதா கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். தரணிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

அடுத்த மாதம் நீல அட்டை வந்தது. பவித்ரா நேராக மயில்சாமியின் ஆபீசுக்குப் போனாள். கீழே பேக்கரியிலிருந்து அவர் காப்பியும் பன்னும் வரவழைத்தார். ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நல்லா ஏமாந்துட்டாங்கள்ல?" என்றாள். "இனிமே தம்பிகிட்டப் போயி உண்மையைப் பேசிக்கலாமுங்களா? நடிச்சது போதுமுங்க."

மயில்சாமி காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அம்மிணி, கோயம்புத்தூர்ல பாதிப் பேரு அட்டைக்காக சண்டை போடறாங்க. நிழலகத்துக்கு அது தெரியாதுங்களா? விசேஷத்துல நடக்கற சண்டையை அவங்க கணக்குலயே எடுக்கறதில்லீங்க. எனக்கே இப்பத்தான் தெரியும். அட்டையோட வந்த உங்க காரணத் தாளைப் பார்த்ததுக்கு அப்புறம்."

"அப்ப எதை வெச்சுக் குடுத்தாங்க?"

"வேண்டாமுங்க. அட்டை வந்துருச்சு. வீட்டைப் பாருங்க."

"சொல்லுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பிக்கு அடிபட்ட அன்னைக்குப் போகாததைக்கூட அவங்க பெருசா எடுக்கலீங்க. அதையும் நடிப்புல சேர்த்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நீங்க நல்லாத் தூங்கியிருக்கறீங்க. கைக்கடிகாரத்துல இருக்குது. ஈரோட்டுல இருந்து வந்ததுக்கு அப்புறம் அவ்வளவு நல்லாத் தூங்குனது அன்னைக்கு ஒருநாள்தானாமா. அதுதான் உங்களுக்கு அட்டை வாங்கிக் குடுத்துச்சு."

பவித்ராவுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. "அசதியில தூங்கியிருப்பேன். நாளெல்லாம் அழுதுட்டு இருந்தேன்."

"இருக்குமுங்க. நான் தரகன். எனக்கு என்ன தெரியும்."

படியிறங்கும்போது அவளுக்கு அந்த இரவு ஞாபகம் வந்தது. எவ்வளவு தள்ளியும் வந்தது. படுக்கையில் விழுந்து கண்ணை மூடியபோது மனதில் ஒன்று ஓடியது: இனிமேல் அவன் என்னிடம் எதுவும் கேட்க முடியாது. அப்படி நினைத்ததும் உடம்பு லேசாகித் தூக்கம் வந்துவிட்டது. தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பும் கடிகாரத்தில் ஏறுமோ என்று உடனே பயமாகவும் இருந்தது.

சரவணம்பட்டியில் ஒரு சின்ன வீடு அமைந்தது. பால் காய்ச்ச யாரையும் கூப்பிடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிழலை மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள், கெட்டால் நிறம் இறங்கிவிடும் என்பது முதலில் காரணமாக இருந்தது. பிறகு காரணம் தேவைப்படவில்லை. ஆப்பிளோடு போகிற காட்சியை ஓட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். அதில் தம்பி சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

பெரியப்பா பேரனின் கல்யாணத்தில் ஒரு தடவை தரணியைப் பார்த்தாள். எதிர்ப்பந்தியில், தலைவாழை இலைக்கு முன்னால், இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இலையில் ஸ்பூன் வழுக்கிக்கொண்டே போயிற்று. நிமிர்ந்தவன் அக்காவைப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்தது போல வாய் திறந்தது. தலைக்கு மேலே வீடியோக் கேமரா ஒன்று தேனீ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமாகிட்டப் போயிப் பேசிட்டு வரட்டுமா?" என்று நிவிதா கேட்டாள்.

"கேமரா சுத்துது, சாப்பிடு" என்றாள் பவித்ரா.

நிவிதா சாப்பிட்டாள். பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள்.

நிவிதாவுக்குப் பதினெட்டு வயது ஆனதும் காலேஜில் சேர அவள் பேரில் ஒரு மாணவர் அட்டை வேண்டியிருந்தது. மயில்சாமிதான் விண்ணப்பம் போட்டார். முதல் தடவை எப்படியும் இல்லை என்றுதான் வரும், விதை அட்டையிலிருந்து ஆரம்பித்து ஒரு வருஷம் ஓட்ட வேண்டும் என்று பவித்ரா டெபாசிட் பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

மாணவர் அட்டை வரவில்லை. தங்க அட்டை வந்தது.

மயில்சாமி மைசூர்பா டப்பாவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நிவிதா உள்ளே சிநேகிதிகளுக்கெல்லாம் போன் செய்து கத்திக்கொண்டிருந்தாள். பவித்ராவுக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. தன்னை நாயாய் அலைய விட்ட நிழலகம் தன் மகளுக்கு முதல் தடவையிலேயே தங்கத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது.

"காலி நிழலாச்சுங்களே" என்றாள். "எப்படிங்க?"

"காலி எங்கீங்க அம்மிணி. உங்க கூடவே இருந்து பார்த்ததெல்லாம் ஏறியிருக்குதுங்களே." மயில்சாமி சிரித்தார். "என் சர்வீசுல இவ்வளவு நல்ல நிழலை நான் பார்த்ததில்லீங்க. ஓட்டையே இல்லை."

ஓட்டை என்றதும் பவித்ராவுக்கு இணைச்சீர் ஞாபகம் வந்தது. "யாரும் இவகிட்டக் கேட்டு வர்றதில்லையா, அந்தப் பத்து வருஷத்துல?"

மயில்சாமியின் சிரிப்பு போய்விட்டது. மைசூர்பாவை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று நினைத்திருப்பார்.

"சொல்லுங்க. எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறீங்க?"

"ஒம்பதாவது வருஷம் உங்களுக்கு ஒடம்புக்கு முடியாமப் போகுதுங்க. ஆஸ்பத்திரிச் செலவு. உங்க அட்டையில வரம்பு முடிஞ்சுருது. பொண்ணு வீட்டுக்குப் போறீங்க."

"கதவைத் திறக்கறதில்லையா?"

"ச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க. தங்கமான பொண்ணு. திறக்குது. உக்கார வெக்குது. காப்பி வெச்சுக் குடுக்குது. ஆட்டோ புடிச்சுக்கூட அனுப்பி வெக்குது." அவர் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார். "காசு மட்டும் குடுக்கறதில்லீங்க."

"ஆயிரம் வாட்டியுமா?"

"ஆயிரம் வாட்டியுமுங்க."

பவித்ரா கேட்கக் கூடாததைக் கேட்டாள். "அன்னைக்கு ராத்திரி அவ தூங்கறாளா?"

மயில்சாமி டப்பாவை மேசையில் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். தரகர்களுக்குப் பொய் சொல்ல வராத இடமும் ஒன்று இருக்கிறது போலும்.

நிவிதா ஓடி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, லிமிட் எவ்வளவு தெரியுமா? உன்னோடதை விட நாலு மடங்கு" என்றாள். "இனி நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத. உனக்கு என்ன வேணும்னாலும் என்னைக் கேளு. நான் இருக்கறேன்ல?"

பொய் சொல்லவில்லை. அந்தப் பெண் அதை மனசாரத்தான் சொன்னாள். பவித்ராவுக்கு அது தெரிந்தது. தானும் ஒரு காலத்தில் இதையே தம்பியிடம் மனசாரச் சொன்னவள்தான்.

"சந்தோஷம் கண்ணு" என்று மகளின் தலையைத் தடவினாள். நிவிதாவின் போன் அடித்தது. அவள் மறுபடி உள்ளே ஓடினாள்.

மயில்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பவித்ரா வாசல் கேட் வரை கூடவே வந்தாள். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு இன்னொரு அட்டை பார்க்கோணுமுங்க. தனியா. ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு."

மயில்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப வருஷமாகத் தொழில் செய்கிறவர்; ஏன் என்று கேட்கவில்லை. "பார்க்கலாமுங்க. ஆனா அதுக்கு ஒரு விஷயம். உங்க நிழல் பொண்ணு வீட்டுப் படியேறக் கூடாதுங்க. புள்ளைகிட்டப் போயி நிக்கற நிழலுக்கு அந்த அட்டை குடுக்கமாட்டாங்க."

"போகாதுங்க" என்றாள் பவித்ரா.

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். மகள் மைசூர்பாவை உடைத்து அவள் வாயருகே நீட்டினாள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.